இரண்டு மீன் தொட்டிகளுக்கு நடுவே நீர்ப்பாலம்: வீட்டிலேயே செய்ய முடியுமா?

நீங்கள் கேட்டது இது: வீட்டில் மூன்றடித் தொட்டிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நடுவே இரண்டடி இடைவெளி. மீன்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மேலே நீந்திப் போகிற மாதிரி தெளிவான பாலம் ஒன்றை நாமே செய்ய முடியுமா? எவ்வளவு உயரம் வைக்கலாம், எந்தத் தடிமனில் ஷீட் வாங்க வேண்டும், பம்ப் தேவையா? மேலே எங்காவது ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டிவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார், அது உண்மையா?

செய்யலாம். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதலாவது பதினோரு நாள் நின்றது. இரண்டாவது நான்கு வருடமாக நிற்கிறது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைச் சொன்னாலே உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

முதலில் குளியலறைக்குப் போய் ஒன்று செய்து பாருங்கள். வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அதற்குள் மக்கை முழுக்க அமிழ்த்தி, வாய் கீழே பார்க்கும்படி திருப்பி, மெல்ல மேலே தூக்குங்கள். மக்கு வாளித் தண்ணீருக்கு மேலே வந்த பிறகும் உள்ளே இருக்கும் தண்ணீர் இறங்காது. மக்கின் விளிம்பு தண்ணீர் மட்டத்தைத் தாண்டும் அந்த நொடியில்தான் 'மடக்'கென்று காற்று உள்ளே புகுந்து மொத்தமும் விழும். நீர்ப்பாலம் என்பது இரண்டு வாளிகளில் வாய் வைத்து நிற்கிற ஒரு நீளமான மக்கு, அவ்வளவுதான். அதன் இரண்டு முனையிலும் தொட்டித் தண்ணீருக்குள் இறங்குகிற பகுதிகளைத்தான் கால்கள் என்கிறேன்.

வாளித் தண்ணீரின் மேல் காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. மக்குக்குள் காற்று இல்லாததால் அந்த அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளி நிறுத்துகிறது. கடல் மட்டத்தில் இப்படிச் சுமார் 10.3 மீட்டர் உயரம் வரை தண்ணீரை நிறுத்த முடியும். கிணற்றுப் பம்புகள் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்ச மாட்டேன் என்று அடம்பிடித்ததைப் பார்த்துத்தான் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியில் இந்த யோசனையே தொடங்கியது. 1643இல் விஞ்ஞானி டாரிசெல்லி அதைப் பாதரசத்தை வைத்துத் தெளிவாக்கினார். நமக்கு வேண்டியது 20, 30 செ.மீ. மட்டுமே. எனவே "தண்ணீர் நிற்குமா" என்று கவலைப்பட வேண்டாம். காற்று உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்த வேலையும். தடிமன், ஒட்டு, கால்களின் ஆழம், பம்ப் என்று எதைத் தீர்மானிக்கும்போதும் இந்த ஒன்றை மனதில் வையுங்கள்.

உங்கள் நண்பரின் பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள பாலத்துக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பாலத்தில் இருக்கும் தண்ணீர் இரண்டு கால்கள் வழியாகத் தொட்டிகளுக்குள்ளேயே இறங்கும். ஆக, இறங்கும் தண்ணீரை வாங்கிக்கொள்ள இரண்டு தொட்டியிலும் இடம் இருந்தால் தரை நனையாது. அந்த இடத்தைக் கணக்குப் போட்டு விட வேண்டும்.

உங்கள் அளவுகளை வைத்தே போடுவோம். மூன்றடித் தொட்டி என்றால் உள் அளவு ஏறக்குறைய 88 × 36 செ.மீ. ஒரு தொட்டியின் நீர்ப்பரப்பு சுமார் 3,200 சதுர செ.மீ., இரண்டும் சேர்ந்து 6,400. பாலத்தின் உள் அகலம் 15, உள் உயரம் 12, கால்களின் உட்பகுதியையும் சேர்த்து நீளம் 95 செ.மீ. என்று வைத்தால் மேலே மட்டும் 17 லிட்டர். தொட்டி விளிம்பைத் தாண்ட வேண்டும் என்பதால் பாலத்தின் அடித்தட்டு நீர்மட்டத்திலிருந்து 8 செ.மீ. மேலே இருக்கும். அந்த உயரத்துக்குக் கால்கள் இரண்டிலும் சேர்ந்து மூன்றரை லிட்டர் சொச்சம். மொத்தம் 21 லிட்டர் என்று வையுங்கள். காற்று புகுந்து பாலம் அறுந்து, இந்தத் தண்ணீர் இரண்டு தொட்டியிலும் சமமாக விழுந்தால் மட்டம் 3.3 செ.மீ. ஏறும். சமமாகத்தான் விழும் என்று சொல்ல முடியாது. முழுவதும் ஒரே பக்கம் போனால் 6.6. அதனால் விளிம்புக்குக் கீழே 7 செ.மீ. காலியாக விடுங்கள். கொஞ்சம் குறையாகத் தெரியும்தான். ராத்திரி நிம்மதியாகத் தூங்க அது வேண்டும்.

இப்போது தடிமன். நீர்மட்டத்திலிருந்து பாலத்தின் மேல்தட்டு 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் மேல்தட்டின் ஒவ்வொரு சதுர செ.மீ.யையும் வெளிக்காற்று 20 கிராம் எடைக்குச் சமமாக உள்நோக்கி அழுத்துகிறது. 15 × 95 செ.மீ. தட்டுக்கு மொத்தம் 28 கிலோவுக்கு மேல். தட்டின் மேல் ஓர் அரிசி மூட்டையைக் கிடத்திய மாதிரிதான், வருடம் முழுக்க. பக்கத் தட்டுகளும் உள்ளே தள்ளப்படும். அடித்தட்டு மேல்நோக்கித் தள்ளப்படும். எல்லாம் உள்நோக்கித்தான்.

இங்கேதான் என் முதல் பாலம் போனது. மீன்கள் தாராளமாக நீந்தட்டும் என்று 25 செ.மீ. அகலம் வைத்தேன், 4 மி.மீ. அக்ரிலிக், மூலைகளில் சிலிக்கான். தண்ணீர் ஏறியதுமே மேல்தட்டின் நடுப்பகுதி ஏழெட்டு மில்லிமீட்டர் உள்வாங்கியது. ஸ்கேலை மேலே குறுக்காக வைத்துப் பார்த்தால் அடியில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. அப்போதே கழற்றியிருக்க வேண்டும். தட்டு நடுவில் வளையும்போது ஓரங்களில் ஒட்டிய மூட்டுகளை நெம்புகிறது. பதினோராம் நாள் விடிகாலை இரண்டரை மணிக்குப் பாட்டிலைக் கவிழ்த்தது போல 'களக் களக்' என்று சத்தம். எழுந்து விளக்கைப் போட்டபோது ஒரு மூலையிலிருந்து மெல்லிய குமிழிக் கோடு மேல்தட்டின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது, நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்தில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று கப்பிகளும் தண்ணீரோடு சேர்ந்து தொட்டிக்குள் இறங்கிவிட்டன. ஒன்றுக்கும் சேதம் இல்லை. ஆனால் நான் மேலே 4 செ.மீ. மட்டும் விட்டிருந்ததால் ஒரு தொட்டி வழிந்து, கீழே இருந்த மின்சார பாக்ஸ் வரை ஈரம் போயிருந்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

அந்த அனுபவத்தில் கற்றது இரண்டு. ஒன்று, அகலம்தான் பெரிய எதிரி. ஒரே தடிமனில் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு பதினாறு மடங்கு ஆகும். தடிமனைப் பாதியாக்கினால் வளைவு எட்டு மடங்கு. 15 செ.மீ. அகலத்துக்கு 6 மி.மீ. அக்ரிலிக் போட்டால் வளைவு கால் மில்லிமீட்டர்கூட வராது. எனவே உங்களுக்கு 15 செ.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன். அகலம் கட்டாயம் வேண்டுமென்றால் 10 மி.மீ.க்குப் போங்கள், அல்லது மேல்தட்டின் வெளிப்புறம் குறுக்குப் பட்டைகள் ஒட்டுங்கள். உருண்டைக் குழாய் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை, வட்ட வடிவம் அழுத்தத்தைச் சுற்றிலும் பகிர்ந்துவிடும். ஆனால் பெரிய விட்டத்தில் தெளிவான அக்ரிலிக் குழாய் விலை அதிகம், வளைவுகளில் சேர்ப்பதும் கஷ்டம், அதற்குள் மீன் கோணல்மாணலாகத் தெரியும்.

இரண்டாவது, அக்ரிலிக்கில் சிலிக்கான் ஒழுங்காகப் பிடிக்காது. கண்ணாடியில்தான் அது கல் மாதிரி நிற்கும். அக்ரிலிக்குக்கு, தட்டையே கரைத்து ஒன்றாக்குகிற கரைப்பான் ஒட்டுதான் சரி. நேம் போர்டு, டிஸ்ப்ளே பெட்டி செய்கிற கடைகளில் குளோரோஃபார்மை ஊசியில் எடுத்து மூட்டில் ஓடவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். வெட்டுவதையும் ஒட்டுவதையும் அப்படி ஒரு கடையிலேயே கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. விளிம்பு நேராக வெட்டப்படாவிட்டால் கரைப்பான் ஓடாது, ஒட்டும் பிடிக்காது. நீங்களே செய்வதென்றால் மொட்டை மாடி மாதிரி காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல், மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டு, நன்றாகக் கழுவி, பிறகுதான் தொட்டிப் பக்கம் கொண்டுவர வேண்டும்.

பாலத்தைப் பொருத்துமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது, யாரும் தவிர்க்காதீர்கள். பாலத்தைத் தலைகீழாகத் திருப்பி, கால்கள் மேலே பார்க்கும்படி நிறுத்தி, வாய் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் பழைய செய்தித்தாள் விரியுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். இப்போது அழுத்தம் வெளிநோக்கி இருப்பதால் எங்கே மூட்டு சரியில்லையோ அங்கே கசிந்து தாளில் வட்டம் விழும். நிமிர்த்தி வைத்தபின் அதே ஓட்டை ஒரு சொட்டுகூடக் காட்டாது, ரகசியமாகக் காற்றை மட்டும் இழுக்கும்.

கால்கள் நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்க வேண்டும்? நான் 8 செ.மீ. வைக்கிறேன். குறைவாக வைத்தால், நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் ஆவியாகி வாய் வெளியே வந்துவிடும். சித்திரை வெயிலில் மின்விசிறி ஓடும் அறையில் என் தொட்டிகள் நாளுக்கு அரை செ.மீ. வரை இறங்குகின்றன. மிக ஆழமாக வைத்தாலும் ஆபத்து. பாலம் நிற்கும்வரை இரண்டு தொட்டியும் ஒரே தொட்டிதான், ஒன்று ஒழுகினால் மற்றதும் சேர்ந்து இறங்கும், கால் வாய் வெளியே தெரியும் வரை. 8 செ.மீ. என்றால் நல்ல தொட்டியிலிருந்து போவது 25 லிட்டரோடு நிற்கும். கால் தொட்டியின் அடி வரை போயிருந்தால் முழுத் தொட்டியும் காலி.

இதே காரணத்தால் இரண்டு தொட்டியின் நீர்மட்டமும் தானாகவே ஒன்றாகிவிடும். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்கத் தெளிவான டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையில் பிடிப்பார்களே, அதே சங்கதி. ஒரு ஸ்டாண்ட் 3 செ.மீ. தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத் தொட்டியில் தண்ணீர் 3 செ.மீ. கூடுதலாக ஏறி நிற்கும், நீங்கள் கணக்குப் போட்டு விட்ட 7 செ.மீ. அங்கே நான்காகிவிடும். எனவே முதல் வேலையாக டியூப் வைத்து இரண்டு தொட்டி விளிம்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காற்றுதானே தண்ணீரைத் தாங்குகிறது, பாலத்துக்கு எடை எது என்று தோன்றும். மக்கைத் தூக்கியபோது கை கனத்ததா இல்லையா? உள்ளே ஏறி நிற்கிற தண்ணீரின் எடை முழுவதும் பாலத்தின் மேல்தான் வரும். 21 கிலோ தண்ணீர், 5 கிலோ அக்ரிலிக். இந்த 26 கிலோவைத் தொட்டியின் கண்ணாடி விளிம்பில் உட்கார வைக்காதீர்கள். இடைவெளியில் தரையிலிருந்து ஸ்லாட்டட் ஆங்கிளில் ஒரு சட்டம் நிறுத்தி அதன் மேல் பாலத்தை உட்கார வையுங்கள். நடுவில் ரப்பர் பட்டை போடுங்கள். கால்கள் தொட்டிக் கண்ணாடியைத் தொடாமல் இரண்டு செ.மீ. தள்ளித் தொங்கட்டும். யாராவது இடித்தால் தொட்டி அசைவது பாலத்துக்குப் போகாது.

சட்டத்தில் உட்கார வைக்கும்போது ஒரு முனை மற்றதைவிட ஒரு செ.மீ. உயர்ந்திருக்கட்டும். அந்த உயர்ந்த மூலையின் மேல்தட்டில் ஏர் டியூப் செருகுகிற அளவில் துளை போட்டு, ஒரு வால்வு பொருத்துங்கள். பாலத்தை நிரப்புவதும் அது வழியாகத்தான், பின்னாளில் சேர்கிற காற்றை எடுப்பதும் அது வழியாகத்தான்.

நிரப்ப, வென்சுரி உள்ள ஒரு சின்ன பவர்ஹெட் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற பம்ப்) போதும். தண்ணீர் வேகமாக ஓடும்போது பக்கத்துக் குழாய் வழியாகக் காற்றை இழுக்கிற அமைப்புதான் வென்சுரி. அதன் காற்றுக் குழாயைப் பால வால்வோடு இணைத்து ஓடவிட்டால், பாலத்துக் காற்றை இழுத்துத் தொட்டிக்குள் குமிழியாக விடும். தண்ணீர் கால்களில் மெல்ல ஏறும். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பாலம் நிறைய நிறையத் தொட்டிகளின் மட்டம் இறங்கும், பக்கத்தில் 21 லிட்டர் தண்ணீரை ஒரு நாள் முன்பே எடுத்து வைத்து ஊற்றிக்கொண்டே இருங்கள். வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம், தொட்டித் தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது. வாக்வம் கிளீனரும் வேண்டாம். கால்கள் திறந்திருப்பதால் பாலம் நொறுங்காது, ஆனால் நிறைந்த மறுநொடி தண்ணீர் மெஷினுக்குள் போகும், கையில் மின்சாரம்.

சரி, நிரப்பியாயிற்று. அப்புறம் காற்று எங்கிருந்து வரும்? தண்ணீரிலிருந்தே வரும். மேலே அழுத்தம் கொஞ்சம் குறைவு என்பதால் கரைந்திருக்கும் வாயு அங்கே குமிழியாகப் பிரியும். தண்ணீர் மாற்றிய மறுநாள் மேல்தட்டின் அடியில் கடுகு மாதிரி வரிசையாகக் குமிழிகள் ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். செடிகள் விடும் ஆக்சிஜன், ஏர் ஸ்டோனிலிருந்து (காற்றுக் குமிழி விடும் கல்) வழிதவறி வருவது என்று எல்லாம் உயர்ந்த மூலையில் சேரும். அந்தச் சின்ன பவர்ஹெட்டை அப்படியே நிரந்தரமாக ஓடவிட்டால் சேரச் சேர எடுத்துவிடும். அதன் குமிழிகள் பாலத்தின் கால் பக்கம் போகாமல் எதிர்த்திசையில் திருப்பி வையுங்கள், ஏர் ஸ்டோனையும் தள்ளி வையுங்கள். மின்சாரம் போனால் பம்ப் ஓடாது, ஆனால் பாலம் விழாது. அதன் நீர்முனை தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் காற்று உள்ளே போக வழியில்லை.

நீரோட்டம்தான் அடுத்தது, இதில் தவறினால் உண்மையிலேயே வீடு நனையும். பாலத்துத் தண்ணீர் அசையாமல் இருந்தால் பிராணவாயு குறையும், கழிவு தேங்கும், மீன் போகவே விரும்பாது. ஓட்டம் வேண்டும். நிறையப் பேர் செய்வது, முதல் தொட்டியில் பம்ப் வைத்து ஹோஸ் வழியாக இரண்டாவதற்குத் தண்ணீர் அனுப்புவார்கள், அது பாலம் வழியாகத் திரும்பி வரும் என்று. பாலம் இருக்கும்வரை அழகாக வேலை செய்யும். பாலம் அறுந்தால்? மணிக்கு 1,000 லிட்டர் பம்ப் இரண்டாவது தொட்டியில் நீங்கள் விட்ட காலி இடத்தைச் சுமார் ஒன்றேகால் நிமிடத்தில் நிரப்பிவிடும், அதற்குப் பிறகு முதல் தொட்டித் தண்ணீர் எல்லாம் தரைக்கு. இந்த அமைப்பைத் தயவுசெய்து வைக்காதீர்கள்.

நான் வைத்திருப்பது வேறு. வென்சுரி இல்லாத இன்னொரு பவர்ஹெட்டை முதல் தொட்டியில் பாலக் காலின் வாய்க்குக் கீழே, மேல்நோக்கித் தள்ளும்படி வைத்திருக்கிறேன். தண்ணீர் பாலம் வழியாக இரண்டாவது தொட்டிக்குப் போகிறது. திரும்பி வர, இரண்டு தொட்டிக்கும் நடுவே தனியாக ஒரு அங்குல ஹோஸைத் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையும் தண்ணீருக்குள் இருக்கும்படி சைஃபனாகப் போட்டிருக்கிறேன், அதன் முனைகளிலும் 8 செ.மீ. ஆழம்தான். பாலம் அறுந்தால் அந்தப் பவர்ஹெட் முதல் தொட்டித் தண்ணீரையே கலக்கிக்கொண்டிருக்கும், வேறெங்கும் எதையும் அனுப்ப முடியாது. ஹோஸ் முனைகளில் மீன் நுழையாதபடி சல்லடை மூடி போடுங்கள்.

எந்த மீன் என்றால், நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் நீந்துகிற கூட்ட மீன்கள்: சீப்ரா டேனியோ, கப்பி, பிளாட்டி, சின்ன பார்ப்கள், சின்ன கோல்டுஃபிஷ். ஃபைட்டரும் கௌராமியும் வேண்டாம். அவை மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டிய மீன்கள், பாலத்துக்குள் மேலே போனால் முட்டுவது தட்டில்தான். 20 செ.மீ. உயரத்தில் அழுத்தம் குறைவது இரண்டு சதவீதம், மீனின் காற்றுப்பைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு மீட்டர் உயரத்தில் பாலம் கட்டுகிற ஆசை வந்தால் அது பத்து சதவீதம் ஆகும். அப்போது மீன் தன்னையறியாமல் மேலே மிதக்கும், கீழே வரத் திணறும். வீட்டில் 30 செ.மீ.க்கு மேல் போக எந்தத் தேவையும் இல்லை.

நோய் விஷயத்தில் கவனம். ஒரு தொட்டியில் வெள்ளைப்புள்ளி வந்தால் இரண்டிலும் வந்ததாகவே அர்த்தம், மருந்தையும் இரண்டு தொட்டி, பாலம் எல்லாவற்றின் தண்ணீரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சென்னை கொளத்தூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ புது மீன் வாங்கி வந்தால் மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துவிட்டுப் பிறகு விடுங்கள். முன்பு இதில் கொஞ்சம் அசட்டையாக இருக்க முடிந்தது, ஒரு தொட்டி போனாலும் இன்னொன்று தப்பும். பாலம் கட்டியபின் அது இல்லை.

வெயில் விழுகிற ஜன்னலோரம் பாலம் வராமல் பாருங்கள். பாசி பிடித்தால் உள்ளே கை நுழையாது, காந்தத் துடைப்பான் ஒன்றுதான் வழி. அக்ரிலிக்குக்கென்று விற்கிற மெத்தென்ற வகையாக வாங்குங்கள், கண்ணாடிக்கானது கீறிவிடும்.

மீன்கள் உடனே ஏறாது, அதற்காக விரட்டாதீர்கள். என் டேனியோக்கள் முதல் இரண்டு நாள் காலின் வாய்க்குக் கீழே வட்டமடித்துக்கொண்டே இருந்தன. ஒன்று பாதி ஏறும், சட்டென்று திரும்பி இறங்கிவிடும். மூன்றாம் நாள் காலை, பவர்ஹெட் ஓட்டத்தை எதிர்கொண்டு இரண்டாவது தொட்டிப் பக்கத்திலிருந்து ஒன்று ஏறி வந்தது. நடுப்பாலத்தில் ஓட்டத்துக்கு எதிரே வாலை ஆட்டிக்கொண்டு அரை நிமிடம் அப்படியே நின்றது. அது எப்போது அந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியவே இல்லை. பத்து மணிக்குள் ஏழும் மேலே.

உங்கள் ஸ்டாண்டுகளின் உயரத்தையும், தொட்டி விளிம்பில் குறுக்குக் கண்ணாடிப் பட்டை எங்கெங்கே இருக்கிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள். கால்கள் இறங்க எந்த இடம் தோது, சட்டம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.